மூன்றாவது கிட்டார்

தாளக்காரர் என்று பெயர் வாங்கிய மனிதர் எந்த மேடையிலும் ஏறியவர் இல்லை. பெயிண்ட் டப்பாவுக்கு மூடி அடிக்கும் தொழிற்சாலையில் பிரஸ் ஓட்டினார். தகடு உள்ளே போகும், மேலிருந்து பிரஸ் இறங்கும், மூடி வெளியே விழும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மூச்சுவிடக் கிடைக்கிற நேரத்தில் அவர் விரல்கள் இயந்திரத்தின் ஓரத்தில் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும். தட்டுவது யாருக்கும் கேட்காது. அந்தக் கூடத்தில் இடி விழுந்தாலே கேட்காது. விரல் ஆடுவதைக் கண்ணால் பார்த்துத்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கூடத்தில் பேச்செல்லாம் உதட்டில்தான் நடக்கும். புதிதாக வேலைக்கு வந்தவன் முதல் வாரம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்வான். பிறகு அவனும் வாயை அகலத் திறந்து, சொல்லை மென்று காட்டப் பழகிவிடுவான். கைதேர்ந்த ஆளாக இருந்தால் இந்தக் கோடியில் நின்றபடியே அந்தக் கோடியில் இருப்பவனின் மாமியார் வீட்டு வம்பு முழுவதையும் தெரிந்துகொள்ளலாம். சூப்பர்வைசரைத் திட்ட வேண்டுமென்றால் வாயைக் கையால் மூடிக்கொண்டால் போதும். தாளக்காரர் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர். எதிரே நிற்பவனின் மோவாய் அசைவதை வைத்தே பாதி வாக்கியத்தை முடித்துவிடுவார்.

காதில் அடைத்துக்கொள்ள மஞ்சள் நிறத்தில் ஒன்று கொடுத்திருந்தார்கள். ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் எல்லோரும் அதை அடைத்துக்கொண்டு சமர்த்தாக நிற்பார்கள். மற்ற நாட்களில் அது சட்டைப் பையில் கிடந்து அழுக்காகும். தாளக்காரர் அதைத் தொடவே மாட்டார். அச்சில் சின்னப் பிசிறு விழுந்தாலும் பிரஸ்ஸின் குரல் மாறுமாம், காதை அடைத்துக்கொண்டால் அது தெரியாதாம். "என் காதுதான்யா எனக்குச் சொத்து, அதப் பூட்டி வெக்கச் சொல்றீங்களே" என்பார். சொத்தைத் திறந்து போட்டுவிட்டுத்தான் இத்தனை வருஷமும் காவல் காத்தார்.

வருஷத்துக்கு ஒருமுறை காதுப் பரிசோதனையும் உண்டு. கண்ணாடி பதித்த பெட்டி மாதிரி ஓர் அறைக்குள் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்கும்போது அமுக்க வேண்டும். தேறாதவனைக் குடோனுக்கு மாற்றி அட்டைப்பெட்டி அடுக்க விட்டுவிடுவார்கள். குடோனுக்குப் போனவனைப் பிறகு யாரும் டீக்குக்கூடக் கூப்பிடமாட்டார்கள். அதனால் கூடத்து ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சத்தத்தை அனுப்பும் அம்மாவின் முழங்கை ஒவ்வொரு தடவையும் லேசாக அசையும். அது அசையும்போது பொத்தானை அமுக்கிவிட வேண்டியது. உதடு படிக்கத் தெரிந்தவர்களுக்கு முழங்கை படிக்கத் தெரியாதா? மொத்தக் கூடமும் வருஷாவருஷம் தேறியது. வெளியே வந்து வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அங்கே நின்றிருந்தால் நானும் முழங்கையைத்தான் பார்த்திருப்பேன்.

கிட்டார் ஆசை இதற்கெல்லாம் முந்தியது. கல்யாணத்துக்கு முன்னால் அறை எடுத்துத் தங்கியிருந்தபோது கூட இருந்த நண்பனிடம் ஒரு கிட்டார் இருந்தது. அவன் வெளியே போன நேரங்களில் இவர் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். நாலைந்து விரல்பிடிகளும் ஒரே ஒரு மெட்டும் கைக்கு வந்தன. அந்த மெட்டு முழுக்க மெல்லிய கம்பிகளிலேயே நடப்பது, தடித்த கம்பிக்கு இறங்கவே இறங்காது. நண்பன் வேலை மாறிப் போனபோது கிட்டாரும் போனது. அப்புறம் கல்யாணம், மகள், அவள் படிப்பு, வாடகை வீடு மாறுவது என்று ஒவ்வொன்றாக முன்னால் வந்து நிற்க, அவர் தன் ஆசையை வரிசையின் கடைசியில் நிற்கவைத்தார். பிரஸ் முன்னால் நின்றபடி அந்த மெட்டை மனசுக்குள் வாசித்துக்கொள்வார். தனக்கென்று அவர் ஒதுக்கி வைத்திருந்தது அது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

மகளுக்குக் கல்யாணமாகி, கூடத்துக்கும் பூட்டுப் போட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியபிறகு, ஒருநாள் மனைவியிடம் வாயைத் திறந்தார்.

"ஒரு கிட்டார் வாங்கலாம்னு இருக்கேன். பழசுதான்."

அடுப்படியில் இருந்த மனைவி கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே வந்து நின்றாள். சிரிப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, "நல்லாப் பாத்து வாங்கலாங்க. நானும் வரேன்" என்றாள்.

முதல் கிட்டார் பழைய சாமான் கடை ஒன்றில் இருந்தது. மீட்டிப் பார்த்துவிட்டு, கம்பி செத்துப்போயிருக்கிறது என்று வைத்துவிட்டார். இரண்டாவது, ஒரு தபால்காரர் வீட்டில். அதில் தடித்த கம்பிகள் நன்றாகத்தான் பேசின. மெல்லிய கம்பிகள் மட்டும் கம்பளிக்குள் சுற்றிவைத்த மாதிரி. "மரம் சரியில்ல" என்றார். தபால்காரர் வாதாடிப் பார்த்துவிட்டு அலுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். திரும்பும் வழியில் மனைவி, "பாப்பாவுக்கு மாப்பிள்ள தேடுனப்பக்கூட நீங்க இவ்வளவு நொட்டை சொல்லலையே" என்று கிண்டலடித்தாள். அவரும் சிரித்தார். மாப்பிள்ளைக்குப் பேசத் தெரிந்தால் போதும், கிட்டாருக்குப் பாடத் தெரிய வேண்டுமே என்றார். அன்றைக்கு அவர் உற்சாகமாகவே இருந்தார்.

மூன்றாவது கிட்டார் இருந்த வீடு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில். பல் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் பெண் ஒருத்தி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறாள். வீடெங்கும் ஒட்டிய அட்டைப்பெட்டிகள். சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. ஒரு நாற்காலியையும் கிட்டாரையும் மட்டும் கட்டாமல் விட்டிருந்தாள்.

தாளக்காரர் உட்கார்ந்து கிட்டாரை வாங்கினார். கழுத்தை ஒற்றைக் கண்ணால் நீளவாட்டில் பார்த்தார், அம்பு மாதிரி நேராக இருந்தது. அடிப்பலகையில் நகத்தை ஓட்டி விரிசல் தேடினார். கம்பி கட்டியிருக்கும் கட்டைக்குப் பின்னால் உப்பியிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவினார். ஒரு குறையும் இல்லை. மடியில் அது உட்கார்ந்த விதமே அவருக்குப் பிடித்துவிட்டது. இதுதான், இதேதான் என்று மனசு அடித்துக்கொண்டது. தடித்த கம்பியை மீட்டினார். அது நெஞ்சுக்குள் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பழைய மெட்டைத் தொடங்கினார்.

விரல் மறக்கவில்லை. ஆனால் மெல்லிய கம்பிகளில் சொத் சொத்தென்று விரல் படுகிற ஓசைதான் வந்தது. மறுபடி மீட்டினார், இன்னும் அழுத்தி. மறுபடியும் சொத்.

"ஏம்மா, இந்தக் கம்பிய மாத்தவே இல்லையா?"

"நேத்துதான் சார் புதுசு மாத்தினேன்."

"உயிரே இல்லையேம்மா."

"இல்ல சார், நல்லாத்தான் இருக்கு."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கைக்கு எட்டியது நழுவுகிற கோபம். "வயசானவன், எதச் சொன்னாலும் நம்பிடுவான்னு பேசாதீங்க. ஊரவிட்டுப் போற அவசரத்துல எவன் தலையிலயாவது கட்டணும். அப்படித்தானே?"

நர்ஸின் முகம் சிவந்தது. கிட்டாரை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள். அவள் விரல்கள் மெல்லிய கம்பிகளில்தான் ஓடின. தாளக்காரர் முன்னால் குனிந்து கேட்டார். எங்கோ பக்கத்து அறையில் யாரோ துணி மடிக்கிற மாதிரி இருந்தது.

ஏளனமாகச் சிரிக்கப்போனவர், "கேட்டியா?" என்று சொல்வதற்காக மனைவி பக்கம் திரும்பினார்.

அவள் சுவரோரமாக நின்றிருந்தாள். இவர் தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரியவில்லை. நர்ஸின் விரல் ஒவ்வொரு முறை கம்பியைத் தொடும்போதும் அவள் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. புருவம் மெல்ல உயர்ந்தது, உதடு பிரிந்தது. விரல் மேலே போனபோது அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள், இறங்கியபோது விட்டாள். வாழ்நாள் முழுக்க முகம் படித்த மனிதருக்கு அதைப் படிக்க வேறு பாடம் வேண்டியதில்லை. அவள் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல பாட்டு.

கிட்டாரில் உயிர் இருந்தது. முதல் கிட்டாரிலும் இருந்திருக்கும், தபால்காரர் வீட்டுக் கிட்டாரிலும் இருந்திருக்கும். செத்தது எது என்று அந்த நாற்காலியில் வைத்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

ஒன்று தெரிந்ததும் மற்றவை தாமாக வந்து சேர்ந்தன. வீட்டில் யாரும் அவரை முதுகுப் பக்கமிருந்து கூப்பிடுவதில்லை. மனைவி எப்போதும் சுற்றிக்கொண்டு எதிரே வந்து நின்றுதான் பேசுவாள். மகள் போனில் கூப்பிட்டால், "உங்கம்மாகிட்டப் பேசும்மா" என்று உடனே கொடுத்துவிடுவார். தனக்குப் போனில் பேச வராது என்றுதான் அவர் நினைத்திருந்தார். மனைவி வாயை இத்தனை அகலத் திறந்து பேசுவதை, தொழிற்சாலைக்காரன் பெண்டாட்டி, தொத்திக்கொண்டது என்று கூடத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறார். கண்ணாடி அறைக்குள் முழங்கையைப் பார்த்துப் பொத்தான் அமுக்கி வாங்கிய தேர்ச்சியை வீட்டில் வந்து பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார். ஊரை ஏமாற்றியதாக நினைத்தார். அவர்தான் ஏமாந்தார்.

நர்ஸ் வாசிப்பதை நிறுத்தி நிமிர்ந்தாள். அறியாத வீட்டில், அறியாத பெண்ணின் முன்னால் அழக்கூடாது என்று தாளக்காரர் கிட்டாரின் கழுத்தைப் பார்த்தார்.

"கழுத்து கொஞ்சம் வளைஞ்சிருக்கும்மா. அதான் யோசிக்கிறேன்" என்றார்.

அம்பு மாதிரி நேராக இருந்த கழுத்து அது. நர்ஸ் அதையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள், சுவரோரம் நின்ற மனைவியையும் பார்த்தாள். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண்ணின் முகத்திலிருந்த கோபம் இறங்கிப் போவது அவருக்கு எழுத்து எழுத்தாகத் தெரிந்தது.

"ஆமா சார்" என்றாள், வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்தி. "கொஞ்சம் வளைஞ்சுதான் இருக்கு. நானே சொல்லியிருக்கணும்."

அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். விற்கிறவளே தன் சரக்கைக் குறை சொல்லும் அளவுக்குத் தான் பரிதாபமாகத் தெரிகிறோம் என்பதுதான் தாங்கவில்லை. எழுந்து கும்பிட்டார். வெளியே வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

ஒரு தளம் இறங்கியதும் மனைவி அவரைத் தாண்டிப் போய், கீழ்ப்படியில் நின்று, எதிரே திரும்பினாள்.

"எத்தன வருஷமா?" என்று அவரே கேட்டார்.

"பாப்பா கல்யாணத்துக்கு முன்னாடியே."

"ஏன் சொல்லல?"

"உங்களுக்கே தெரியும்னு நெனச்சேன். சொல்ல வேணாம்னு இருக்கீங்கன்னு நெனச்சேன்." அவள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் கிட்டார் வாங்கணும்னு வந்து நின்னீங்க. எப்படிங்க சொல்லுவேன்?"

"தெரிஞ்சும் எதுக்கு ஒவ்வொரு வீடா என்கூட ஏறி எறங்குன?"

"ஏதாவது ஒண்ணு உங்களுக்குக் கேக்கும்னு நெனச்சேங்க."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக் கதவுக்குப் பின்னால் யாரோ நடமாடினார்கள், கதவடி வெளிச்சத்தில் நிழல் போனது.

"காதுக்கு மெஷின் வெச்சுக்கலாம். டாக்டரப் பாக்கலாம்" என்றாள்.

"மெஷின்கிட்டதான குடுத்தேன். திருப்பிக் குடுக்குமா அது?"

"அந்தக் கிட்டாரயே வாங்கிடலாங்க. தடிச்ச கம்பி கேக்குதுல்ல? அத மட்டும் வாசிங்க. நான் கேக்கறேன்."

அவர் தலையை ஆட்டினார். வேண்டாம். அந்த மெட்டு தடித்த கம்பிக்கு இறங்காது. கிட்டாரை வாங்கி வீட்டில் மாட்டிவைத்தால், தன் வீட்டில் தன்னைத் தவிர எல்லோருக்கும் கேட்கிற ஒரு பொருளைத் தானே காசு கொடுத்து வாங்கிவந்ததாக ஆகும். இனி மனசுக்குள் வாசிப்பதுகூட முடியாது. இத்தனை நாள் அது காத்திருப்பாக இருந்தது. காத்திருந்ததால்தான் இனித்தது.

அவள் இன்னும் ஒரு படி கிட்டே வந்து, குனிந்து, எதையோ சொல்ல ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டு விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரம் எரிந்துவிட்டுத் தானாக அணைகிற விளக்கு. ஜன்னல் இல்லாத படிக்கட்டு, முகம் தெரியாத இருட்டாகிவிட்டது.

அவள் குரல் அவருக்குக் கேட்டது. ஏறுவதும் இறங்குவதுமாக, ஈரமாக, வெகு பக்கத்தில். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவர் எழுந்து சுவரைத் தடவினார். சுண்ணாம்பு, குழாய், பிறகும் சுண்ணாம்பு. கடைசியில் ஸ்விட்ச் கைக்குத் தட்டுப்பட்டது.

வெளிச்சம் வந்தபோது அவள் பேசி முடித்திருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லங்க. வாங்க, போலாம்."