கழிக்கு அப்பால் விழுந்த பொம்மை மீன்

தூண்டில் கோலை வெறுமனே ஒருமுறை வீசிப் பார்த்தால் காற்று கிழிபடுகிற ஓசை ஒன்று வருமே, ஜவுளிக்கடைக்காரர் புதுத்துணியை நுனியில் கத்தரித்துவிட்டு இரண்டு கையாலும் சர்ரென்று கிழிப்பதுபோல, அந்த ஓசையை எங்கே கேட்டாலும் என் முதுகு நிமிர்ந்துவிடும். மறுகணம் அது எங்கே போய் விழுகிறது என்று கண் பதறித் தேடும். இரண்டும் ஒரே கோலிடமிருந்து எனக்குத் தொற்றியவை.

பழவேற்காடு ஏரியைப் பார்க்க வருகிறவர்களுக்கு அது எல்லோருக்கும் பொதுவான தண்ணீர்போலத் தெரியும். எங்கள் குப்பத்துக்கு அப்படியில்லை. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை இறங்கும் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அந்த முறைக்குப் 'பாடு' என்று பெயர், அந்த நீருக்குப் 'பாட்டுத் தண்ணி'. தண்ணீருக்குள் நட்ட சவுக்குக் கழிகள்தான் அதன் எல்லை. கழிக்கு இப்பால், இடுப்பளவு ஆழத்தில், என் அம்மாவைப் போன்ற பெண்கள் குனிந்து சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். அதற்குச் சீட்டு கிடையாது. அதைக் 'கை' என்று ஒரே சொல்லில் சொல்வோம்.

நைனாவின், அதாவது என் அப்பாவின், வலது தோள் ஒரு காற்று நாளில் வலைக்கயிறு வெட்டி இழுத்ததில் எகிறிப்போனது. எத்தனை கட்டுக் கட்டியும் கை மார்புக்கு மேலே எழவில்லை. வலை இழுக்க முடியாதவர் பெயர் சீட்டில் இருக்காது என்பது முறை. அவர் பெயரும் போயிற்று. காலையில் படகுகள் கிளம்புகிற நேரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். மீன் வாங்க வருகிறவர்கள் அவரிடம் பேச்சுக் கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். அம்மாதான் அதிகம் பயந்தாள். "இப்டியே படுத்துனு இருந்தா இந்த மன்சன் கெட்டுப்பூடுவாரு" என்று அடுப்பிடம் சொல்வதுபோல என்னிடம் சொல்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முகத்துவாரத்தில் மெட்ராஸ்காரர் ஒருவர் நீளக் கோலால் பொம்மை மீனை எறிந்து, நிஜக் கொடுவாய் மீனை இழுத்துப் போட்டதை நைனா பார்த்துவிட்டார். அன்று வீட்டுக்கு வந்தவர் உட்காரவே இல்லை. "எறியறது இட்து கைதான். வல்து கை சும்மா இடுப்பாண்ட நிக்குது. அவ்ளோதான் வேல" என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தார். கல்யாண முருங்கைக் கட்டையில் மீன் செதுக்கினார். தன் பழைய வலையிலிருந்து ஈயக் குண்டுகளை அறுத்து, உருக்கி, அதன் வயிற்றில் ஊற்றினார். கையில் வாங்கினால் மணிக்கட்டு தாழும், அவ்வளவு கனம். கனமானதுதான் தூரம் போகும், பெரிய மீன் தூரத்தில்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கனத்தைத் தாங்கி எறிய மலிவான தூண்டில் ராடு ஒன்று வேண்டும். திருப்பாலைவனம் வழியாகப் பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயிலேறி, பட்டணத்தில் துறைமுகம் பக்கத்துச் சந்து ஒன்றில் போய் நின்றோம் மூவரும். கடைக்காரர் முதலில் நீட்டியது, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருந்து இழுக்க இழுக்க நீள்கிற பளபளப்பான கோல். எனக்கு அதுதான் வேண்டும்போல இருந்தது. நைனா மடியிலிருந்து பொம்மையை எடுத்து அதன் நுனியில் தொங்கவிட்டார். கோல் தலை கவிழ்ந்தது.

"இன்னாபா இது, ஏரியலு. எறியறதுக்கு முன்னாடியே கும்புடு போடுது."

"அண்ணாத்தே, நீ எறியறது மீனா, அம்மிக்கல்லா?" என்றார் கடைக்காரர்.

பிறகு மூலையிலிருந்து ஒன்று வந்தது. மங்கிய பச்சை, இரண்டே துண்டு, பிடியின் தக்கை வெடித்திருந்தது. அதனாலேயே விலை குறைவு. பொம்மையைத் தொங்கவிட்டதும் நுனி மட்டும் லேசாகப் பணிந்தது, அடி அசையவில்லை. பிடி நீளம், அதனால் அவருடைய வலது கை இடுப்பை விட்டு எழவேண்டியதில்லை. அம்மா தன் முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவி, தூண்டில் நரம்பு ஓடும் வளையங்கள் ஒவ்வொன்றிலும் விட்டு இழுத்துப் பார்த்தாள், எங்காவது பிசிறு இருந்து நூல் சிக்குகிறதா என்று. எதிலும் சிக்கவில்லை. நைனா சந்துக்கு வந்து ஒரு வீசு வீசினார். சர்ர்ர். சுமை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனிதர் முகத்தில் வெட்கம் கலந்த சிரிப்பை அன்றுதான் மறுபடி பார்த்தேன்.

அடுத்த காலை கரையில் கூட்டம். கோலில் நரம்பு சுற்றும் ரீலை மாட்டிக்கொண்டு நின்றார் நைனா. "மாமா இத்தினி நாளு வாய்ல ரீல் வுட்டாரு, இப்ப கைலயே ரீல் வுடறாரு" என்று நைனாவைக் காட்டி யாரோ சொல்ல, அம்மாவும் வாய்பொத்திச் சிரித்தாள். நைனா இடுப்பில் பிடியை ஊன்றினார், இடது கையால் கோலைப் பின்னே சாய்த்தார், எறிந்தார். பொம்மை போனது, போய்க்கொண்டே இருந்தது, வெயிலில் ஒருமுறை மின்னி எங்கோ ஒரு வெள்ளைப் புள்ளியாக விழுந்தது. பலமுறை எறிந்தபின், ஒரு வீச்சில் நரம்பு விறைத்தது. தண்ணீர் வெடித்தது. கொடுவாய் தலையை உதறிக்கொண்டு எழும்பியதை நான் பார்த்தேன். கோல் வளைந்தது, அவர் வளையவில்லை. அம்மா சேலையோடு ஓடி இறங்கி, அதைச் செவுளில் பிடித்துத் தூக்கிவந்தாள்.

அப்போது தலைவர் வந்தார். குப்பத்துத் தலைவர், அம்மாவின் சொந்த அண்ணன், எனக்கு மாமா. மீனைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார்.

"எங்க உழுந்துச்சு மச்சான்?"

"தோ, அந்தக் கழிக்கு அப்பால" என்றார் நைனா, மூச்சு வாங்க, பெருமையோடு. தூரத்தைச் சொன்னதாகத்தான் அவர் நினைத்தார்.

"இடுப்புத் தண்ணி மட்டும்தான் கை. கழி தாண்டுனா பாடு. இன்னிக்கு யார் பாடு?"

சேகர் என்கிற இளைஞன் தயங்கி முன்னே வந்தான். "என்துதான் தலைவரே. மீனு அண்ணனே வச்சிக்கட்டும். எனுக்கு வாணாம்."

"நீ வாணாம்னு சொல்ல அது உன் ஒருத்தனுது இல்லடா. கரைல நின்னு எறிஞ்சா கைனு இன்னிக்கி மச்சானுக்கு வுட்டா, நாளிக்கி மெட்ராஸ்காரன் வந்து வரிசைல நிப்பான். அவன இன்னானு கேப்ப?"

"என் கைலதானே கீது கோலு" என்றார் நைனா. குரல் என்னுடையதைவிடச் சின்னதாக இருந்தது.

"கோலு உன் கைல கீது மச்சான். பொம்ம எங்க கீது?"

அம்மா தன் அண்ணனையே பார்த்தபடி, மார்போடு அணைத்திருந்த மீனைச் சேகரின் காலடியில் வைத்தாள். அது இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. தூரம் போகவேண்டும் என்று ஈயம் ஊற்றினோம், தூரம் எறியவேண்டும் என்று அந்தக் கோலைத் தேடிப் பிடித்தோம்; தூரம்தான் குற்றம் என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும், தண்ணீரிலேயே பிறந்த அவருக்கும்கூட, தோன்றவில்லையே. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

கழிக்கு இப்பால் எறிய அந்தக் கோல் உதவவில்லை. கனமான பொம்மைக்கென்று பிறந்தது அது. சின்ன இரையைக் கட்டினால் காலடியிலேயே விழும், மீன் கடித்தாலும் கைக்குத் தெரியாது. சில நாட்கள் முயன்றார். பிறகு ஆரம்பாக்கம் பக்கம் ஓர் இறால் பண்ணைக்கு வாட்ச்மேனாகப் போனார். வீட்டுக்கு டிவி வந்தபோது கூரைமேல் ஏரியலைத் தாங்கி நின்றது அந்தப் பச்சைக் கோல்தான். அம்மா ஊர் விஷயம் எல்லாம் பேசுவாள். அண்ணன் வீட்டுக்கு மட்டும் பிறகு போகவே இல்லை.

போன மாதம் நானும் ஒரு மலிவான ராடு வாங்கினேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எத்தனை கிராம் எறியலாம் என்று இப்போது கோலின்மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நான் அதோடு விடாமல் அம்மாவைப்போல முந்தானையில் நூல் உருவி வளையங்களில் விட்டுப் பார்த்தேன், கடைப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை எடுத்துக்கொண்டு பழவேற்காட்டுக் கரைக்குப் போனேன். வரிசையாக ஆட்கள், பட்டணத்திலிருந்து வந்தவர்கள், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக. சர்ர், சர்ர். பொம்மைகள் போய் விழுகின்றன, எங்கெங்கோ. மாமா சொன்ன வரிசை. தண்ணீரில் கழிகளைத் தேடினேன். ஒன்றையும் காணோம். நைனாவை ஏரியைவிட்டே விரட்டிய அந்தக் கோடு, ஒரு குடும்பத்தையே இரண்டாகக் கிழித்த கோடு, யாரும் அழிக்காமலே இல்லாமற்போயிருந்தது.

பக்கத்தில் நின்றவரிடம் என்னையறியாமல் கேட்டேன்: "இது இன்னிக்கு யார் பாட்டுத் தண்ணி?"

"பாட்டா?" என்றார் அந்த இளைஞர், மரியாதையாகக் கோலைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து போனை எடுத்தபடி. "இன்னா பாட்டு மேடம் வேணும்?"