மூடுபனியில் மறைந்த பிள்ளை

சுவிஸின் ஊஸ்டரில் சிவதர்சினிக்கு எல்லாம் பழகிவிட்டது. குளிர், ரயில், பொதுச் சலவை அறையில் முறை தவறினால் முகம் சுளிக்கும் பக்கத்து வீட்டுக்காரி, எல்லாம். ஒன்று மட்டும் பழகவில்லை. இங்கே ஐந்து வயதுப் பிள்ளைகள் கிண்டர்கார்டனுக்குத் தனியாக நடந்து போனார்கள்.

வன்னியில் கடைசிச் சண்டை நடந்த நாட்களில், தண்ணீர் எடுக்கப் போன அவளுடைய தம்பி திரும்பி வரவேயில்லை. அதன்பிறகு வீட்டு ஆட்கள் யாராவது கண்ணுக்கு மறைந்தால் அவள் தேடிப் போய்விடுவாள். மகள் தக்ஷிகாவுக்குத் தெரியாமல், மரங்களின் மறைவில் பின்தொடர்ந்து போவாள். ஒருநாள் ஆசிரியை அதைக் கண்டுவிட்டார். "அவள் தானாக வரட்டும், அவளால் முடியும்" என்றார், சிரித்தபடி.

உணவகமொன்றில் சமைக்கும் கணவன் நிருசனும் அதையே சொன்னான்.

"இஞ்ச எல்லாப் பிள்ளையளும் அப்பிடித்தான் போகுதுகள். நீர் இனிப் பின்னால போகாதையும்."

"உங்களுக்கென்ன, வேலைக்குப் போயிடுவியள். வீட்டில இருந்து சாகிறது நானெல்லோ."

ஆனாலும் கார்த்திகையில் ஒரு காலை, வாசலோடு நின்றுகொண்டாள். வெளியே கடும் மூடுபனி. கையசைத்துவிட்டுத் திரும்பிய பிள்ளை உடனேயே அதற்குள் மறைந்துபோனாள்.

கொஞ்ச நேரத்தில் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். "தக்ஷிகா இன்னும் வரவில்லையே. சுகமில்லையா?"

சிவதர்சினி வீட்டுச் செருப்போடு ஓடினாள். வழியில் ஓடைப் பாலம். கம்பியைப் பிடித்துக் கீழே குனிந்தாள். கறுத்த தண்ணீரில், கல்லொன்றில் சிவப்பாக ஏதோ சிக்கியிருந்தது. பிள்ளையின் தொப்பியும் சிவப்பு. உற்றுப் பார்த்தபோதுதான் அது வெறும் பிளாஸ்டிக் பை என்று தெரிந்தது.

"தக்ஷி! தக்ஷி!"

தம்பியைத் தேடி அன்று கத்திய அதே குரல்.

"அம்மா, கத்தாதேங்கோ!"

பாலத்துக்கு அப்பால் ஒரு வேலியோரம் தக்ஷிகா நின்றாள். வகுப்புத் தோழி லேயா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"ஏனடி இஞ்ச நிக்கிறாய்?"

"பெரிய நாய் ஒண்டு குரைச்சுக்கொண்டு ஓடி வந்தது. இப்ப போயிட்டுது. ஆனா லேயா பயத்தில நடக்கிறா இல்லை. அவவை விட்டுட்டு நான் போகலாமோ?"

சிவதர்சினி ஈரத் தரையிலேயே உட்கார்ந்து பிள்ளையை அணைத்துக்கொண்டாள். பிறகு ஆளுக்கொரு கையாகப் பிடித்து இருவரையும் கூட்டிப் போனாள். ஆசிரியை முகம் வெளிறி, தெருவிலேயே நின்றிருந்தார். அவர் கொடுத்த தேநீரைக் குடிக்காமலே இவள் வீடு திரும்பினாள்.

மாலையில் நிருசனே மனம் மாறினான். "நாளைக்கு நீரே கூட்டிக்கொண்டு போம்."

"வேண்டாம்" என்றாள் தக்ஷிகா. "லேயா கீழ வந்து நிப்பா. நாங்கள் ரெண்டு பேரும் போவம்."

மறுநாளும் பனி விலகவில்லை. கீழே இரண்டு பிள்ளைகளின் பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. சிவதர்சினி ஓடவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்தவளுக்கு எழுந்து உள்ளே போக வெகுநேரம் பிடித்தது.