மில் பங்கும் அம்மாவின் மேட்டுக்காடும்

அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர் பலரும் அவரைப் பிடிவாதக்காரி என்று ஏசியவர்களே. ஏசிய வாயால் இன்று புகழ வேண்டாம். நடந்ததை அவருடைய ஒரே மகளாகிய நானே எழுதிவிடுகிறேன்.

அம்மா பிறந்தது கடத்தூருக்குப் பக்கத்தில். திருமணத்தின்போது அவருடைய தகப்பனார் அவர் பெயரிலேயே ஒரு மேட்டுக்காட்டை எழுதிக் கொடுத்தார். கல்லும் கரட்டு மண்ணுமான புன்செய்க் காடு. கல் பொறுக்கியே அம்மாவின் நகங்கள் தேய்ந்தன. வானம் பொய்த்த வருடங்களில் விதைத்ததுகூடத் திரும்பவில்லை. அதையும் நான் மறைக்கப் போவதில்லை.

அந்த நாளில் புதிதாக ஒரு நூல் மில் எழும்பப் போவதாகச் சொல்லி, ஊர் ஊராகப் பங்கு விற்றுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அம்மாவின் அண்ணனான என் மாமா மயங்கினார், அப்பாவையும் மயக்கினார். இருவரும் மொரப்பூரில் ரயிலேறி மில் வரப்போகும் இடத்தைப் பார்க்கப் போனார்கள். காடு வாங்குகிறவர்கள் பார்ப்பதுபோலவே பார்த்தார்கள். மண்ணை அள்ளி உதிர்த்தார்கள், எல்லைக்கல்லைச் சுற்றி நடந்தார்கள், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு இனிப்பு என்றார்கள். எந்திரம் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்கவில்லை. திரும்பி வந்ததும் தங்கள் நிலங்களை விற்றுப் பங்கு வாங்கினார்கள். அதுவும் போதாமல் மாமா அம்மாவின் காட்டையும் விற்கச் சொல்லி வந்தார். காடு மழையைப் பார்த்துக் கிடக்கும், பங்கு நாம் படுத்துத் தூங்கினாலும் பணம் தரும் என்றார்.

“கெணத்துத் தண்ணி நல்லாருக்குன்றீங்க. நூல் நூக்கற மிசினு எங்கீங்கண்ணா?” என்று கேட்டார் அம்மா.

மாமாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“கைநாட்டு வெக்கலைன்னா, நீ செத்தாக்கூட பொறந்த வூட்டுக் கோடி வராது, பாத்துக்க.”

ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து வரும் கோடிச் சேலையைப் போர்த்தித்தான் எடுப்பார்கள். அது வராது என்பதைவிடப் பெரிய வசவு எங்கள் பக்கத்தில் இல்லை. அம்மா அழுதார். கைநாட்டு வைக்கவில்லை. அப்பா பல மாதங்கள் அவர் கையால் சோறு வாங்கிச் சாப்பிடவில்லை.

எந்திரம் வரவேயில்லை. பங்கு விற்ற ஆட்களும் அப்புறம் தலைகாட்டவில்லை. மில் கட்டப்போகிறோம் என்ற இடத்தில் ஆடு மேய்ந்தது. யுத்தம் வந்து, அரிசிக்குக் கால்கடுக்க நின்ற காலத்தில், அம்மாவின் காட்டுக் கேழ்வரகுதான் எங்களைக் காப்பாற்றியது. மாமா வீட்டுக்கும் அம்மா மூட்டை அனுப்பினார். அதைத் தின்றுகொண்டே, அது தன் அப்பன் காடு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார் மாமா. கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

கடைசி மாதங்களில் அம்மாவால் நடக்க முடியவில்லை. தம் காட்டு நிலக்கடலை விற்ற காசில் ஒரு சேலை வாங்கி வரச் சொல்லி, தம் பெட்டியில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அம்மா போன அன்று மாமா ஊர் பார்க்க மேளத்தோடு கோடி கொண்டுவந்தார். நான் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியிலிருந்த சேலையை எடுத்துப் போர்த்தினேன். பிறந்த வீட்டுக் கோடி இல்லாமலா அனுப்புவது என்று உறவுப் பெண்கள் என்னை வைதார்கள்.

நோய்நாளில் அம்மாவைத் தூக்கித் தாங்கிய பக்கத்துக் காட்டுக் குடும்பத்தாருக்கும், மருந்துக்காக வேளைகெட்ட வேளையில் வண்டி பூட்டியவருக்கும் என் நன்றி. இப்போது காட்டுக்கு விலை கேட்டு ஆளனுப்பும் மாமா அவர்களுக்கு: தாங்கள் கொண்டுவந்த கோடி மடிப்புக் கலையாமல் இருக்கிறது, எடுத்துப் போகலாம். வைத பெண்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காடு அம்மாவுக்கு அவருடைய தகப்பனார் கொடுத்தது. அவர் போர்த்திப் போனதும் பிறந்த வீட்டுக் கோடிதான்.