தெற்கு மூலையில் அத்தான்

திருவனந்தபுரத்துக்கு வந்த புதிதில் என்னைத் திடுக்கிட வைத்தது கடலுமில்லை, கோவிலுமில்லை. எங்கள் வீட்டுக்காரி லட்சுமிக்குட்டியம்மா துணி காயப்போட்ட இடம்தான். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், அவருடைய தோட்டத்துக்குள்ளேயே ஒரு சின்ன ஓட்டுவீட்டில் அக்கா குடும்பமும் நானும் வாடகைக்கு இருந்தோம். தோட்டத்தைப் பறம்பு என்பார்கள் இங்கே. அதன் தெற்கு மூலையில் ஒரு தென்னை. அதில் கட்டிய கயிற்றில் ஈரத்துணியை விரித்துக்கொண்டே, மரத்தைத் தொட்டுக் காட்டி, "இது என்றெ அம்மையாணு" என்றார் ஒருநாள். அம்மா நட்ட மரம்போல என்று நினைத்து, நல்ல காய்ப்பு என்று புகழ்ந்து வைத்தேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். அம்மாவை எரித்த இடமாம் அது. மேலே நட்டதுதான் தென்னை.

நம் ஊர் தோவாளையில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள் முகம் சுளிப்பீர்கள், தெரியும். நமக்குச் சுடுகாடு ஊருக்கு வெளியே. போய் வந்தவன் குளிக்காமல் நடை ஏறமாட்டான். இவர்கள் சொந்த மண்ணில், தெற்கே வைத்து எரித்துவிட்டு, மறுவாரம் அந்தப் பக்கமே முருங்கைக்கீரை பறிக்கப் போவார்கள். இரண்டு ஊருக்கும் மகாராஜா ஒருவர்தான், சந்தையில் கொடுக்கிற சக்கரக் காசும் ஒன்றுதான். ஆனால் சாவு வேறு.

என்னை இந்த ஊருக்கு அழைத்துவந்தது நல்லபெருமாள் அத்தான், என் அக்கா செல்லத்தின் கணவர். பூ வியாபாரி. விடியுமுன் தோவாளையிலிருந்து மோட்டார் லாரியில் பிச்சியும் அரளியும் வந்து இறங்கும். கூடை இறக்கி, தண்ணீர் தெளித்து, தரம் பிரித்து, உச்சி வெயில் வரை நின்றே விற்பார். மூன்று பிள்ளைகளுக்கும் சோறு ஊட்டிவிட்டுத்தான் தன் இலையில் உட்காருவார். சாயங்காலம் மிஞ்சிய பூவை விலை குறைத்து விற்கலாமே என்று அக்கா சொன்னால், "வாடுமுன்ன குடுத்தா பூ, வாடின பொறவு குடுத்தா குப்பை, செல்லம்" என்று சொல்லிக்கொண்டே தெருப் பெண்களுக்கெல்லாம் கிள்ளிக் கொடுத்துவிட்டு வருவார். சாவு வீட்டுப் பூவுக்கு மட்டும் அவர் வாயால் விலை சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தப் பழக்கத்தால் ஒருமுறை மாட்டிக்கொண்டார். லட்சுமிக்குட்டியம்மாவின் தாய்மாமன் ஓர் ஆடி மழையில் இறந்தார். அத்தான் நம் ஊர் வழக்கப்படி ஆள் உயர மாலை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டுக்காரர் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சத்தமே இல்லை. வந்தவர்கள் ஒரு வெள்ளைக் கோடித் துணியைப் போர்த்திவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். கொட்டு ஒலித்ததும் உள்ளேயிருந்து ஒரு பெரியவர் ஓடிவந்து, "எந்தரிது, கல்யாணமோ?" என்று கேட்டார். அத்தான் கைகூப்பி, "எங்க ஊர்ல இதுவும் ஒரு கல்யாணந்தான் ஐயா" என்றார். பெரியவருக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியில் முகம் சிவந்தது. கொட்டுக்காரர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, சட்டையைக் கழற்றி வைத்து, வெட்டிப்போட்ட மாமரத்தைக் கொட்டும் மழையில் பிளக்க ஆரம்பித்தார் அத்தான். சிதைக்கு மாங்கட்டைதான் இங்கே. எரிந்து முடியும்வரை அவர் வீட்டுக்கு வரவில்லை.

சில வருஷம் கழித்து, ஒரு காலையில் கூடை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை.

அன்றைக்குப் பூவோடு வந்திருந்தவர் அத்தானின் அண்ணன். அழுது முடித்ததும் அவர் சொன்னது, "பூ வந்த வண்டியிலயே தம்பியக் கொண்டு போறேன். பொறந்த மண்ணுல வேகட்டும்." எல்லோருக்கும் அதுவே சரியாகப் பட்டது, எனக்கும்தான். லாரிக்காரர் பலகையைக் கழுவத் தொடங்கிவிட்டார். அப்போது லட்சுமிக்குட்டியம்மா வந்து, தெற்கே இடமிருக்கிறது, தன் மாமனுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றார்.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "வாடகை வீட்டுல எரிக்கவா? நாளைக்குக் காலி பண்ணுன்னு சொன்னா, அவனையும் தூக்கிட்டா போவிய?"

என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார் லட்சுமிக்குட்டியம்மா. தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் அண்ணனைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "தெக்கே கிடக்கணவர் வாடகைக்காரல்ல."

அக்கா நிமிர்ந்தாள். "பெரியத்தான், ஊருக்குக் கொண்டு போனா என்னை எதுவரைக்கும் விடுவீய?"

"தெருமுக்கு வரைக்கும். இதென்ன கேள்வி பிள்ள? பொம்பள சுடுகாட்டுக்கு வருவாளா?"

"இங்கன்னா அடுக்களை வாசல்லயே நிப்பேன். கடைசிவரைக்கும் அவரைப் பாத்துட்டு நிப்பேன். இங்கயே இருக்கட்டும்."

அண்ணன் எழுந்துபோய், லாரியிலிருந்து இறக்கிய கூடைகளையெல்லாம் தானே சுமந்துகொண்டு வந்தார். அன்றைய பூ ஒன்றுகூடக் கடைக்குப் போகவில்லை. நம்மவர் மாலை போட, இவர்கள் கோடி போர்த்த, அதன்மேல் மறுபடி மாலை என்று அத்தான் முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. இம்முறை கொட்டும் உண்டு. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா சொன்னபடியே நின்றாள்.

அந்த இடத்தில் வைத்த தென்னம்பிள்ளை இப்போது என் தோள் உயரம். பக்கத்தில் அக்கா தோவாளையிலிருந்து கொண்டுவந்து ஊன்றிய பிச்சிக்கொடிக்கு இந்த மழை ஒத்துக்கொள்ளவில்லை, இலைதான் விடுகிறது. அண்ணன் வருஷாவருஷம் திதிக்கு வருகிறார். தெற்கு மூலைக்குப் போய் வந்ததும் கிணற்றடியில் தலை குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்கிறார்.

போன தைப்பொங்கலுக்கு அக்காவைத் தோவாளைக்குக் கூட்டிப்போனேன். புறப்படும்போது மூட்டையோடு தெற்குப் பக்கம் போய், "ஊருக்குப் போயிட்டு வாறேன்" என்று தென்னம்பிள்ளையிடம் சொல்லிவிட்டு வந்தாள். ஒரு வாரம் இருப்பதாகத்தான் பேச்சு. மாட்டுப்பொங்கல் முடிந்ததுமே துணியை மடித்து வைக்கத் தொடங்கிவிட்டாள். இன்னும் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போயேன் என்று எல்லோரும் மறித்தார்கள்.

"இல்ல, வீட்டுக்குப் போணும்" என்றாள். "அவரு தனியா இருப்பாரு."