மலைக்குப் போன மெஷின் ரூம் சாவி

லிஃப்ட்காரனுக்கு வயது நாற்பத்து மூன்று. முப்பத்தோரு லிஃப்ட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அவன். பதினொன்றாம் மாடியில் வீடு. வீட்டில் மனைவி, இரண்டு பெண்கள், வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகும் அப்பா. இந்த மகானுபாவனுக்குத்தான் மோட்டார் சைக்கிளில் மலை உச்சிக்குப் போக வேண்டுமாம்! ஆசைக்கு என்ன, காசா பணமா?

ஆசையை மூட்டிவிட்டவன் பேக்கரி வைத்திருக்கும் சிநேகிதன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். பட்டப்பெயர் பன்னு. ஒன்பது வருஷமாக இருவரும் நாள் குறித்தார்கள். ஒரு வருஷம் பிரசவம், ஒரு வருஷம் பன்னுவின் அடுப்பு உடைந்தது, இன்னொரு வருஷம் குழந்தைகள் வரிசையாகக் காய்ச்சலில் படுத்தார்கள். "இந்தத் தடவையும் போகலைன்னா நாம ரெண்டு பேரும் ஆளே இல்லடா" என்று பன்னு கத்திய பிறகுதான் காரியம் நடந்தது. பேக்கரியை மச்சினன் பார்த்துக்கொண்டான்.

லிஃப்ட்காரன் செய்த ஏற்பாடும் கொஞ்சநஞ்சமல்ல. அவன் கட்டடத்து லிஃப்ட் வாரத்துக்கு ஒரு தடவையாவது அடம்பிடித்து நின்றுவிடும். மொட்டைமாடி மெஷின் ரூமுக்குள் போய் ஒரு சுவிட்சைப் போட்டு எடுத்தால்தான் நகரும். கூட வேலை பார்க்கும் மெக்கானிக்கை வரவழைத்து அந்த சுவிட்சை மூன்று தடவை காட்டினான். போதாதென்று சுவரில் எழுதியும் ஒட்டினான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இருவரும் மலைப் பாதையின் கடைசி கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த டீக்கடையில் நின்றார்கள். அங்கிருந்து உச்சிக்கு எட்டே கிலோமீட்டர்தான். காற்று பலமாகிவிடும் என்று பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். லிஃப்ட்காரன் ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கினான். கழுத்தில் ஏதோ சில்லென்று பட்டது.

மெஷின் ரூம் சாவி! பதினாறு வருஷப் பழக்கம்: குளித்ததும் பனியன், பனியனுக்கு மேல் கழுத்துக் கயிற்றில் சாவி. சுவிட்சைக் காட்டியவன், கதவைத் திறக்க வழி வைக்காமல் வந்துவிட்டான்.

ஒன்பது மணிக்கு அப்பா ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். போன வருஷம் ஒரே ஒரு டயாலிசிஸ் தவறியதற்கு மூச்சு முட்டி மூன்று நாள் ஆக்சிஜனில் கிடந்தார். லிஃப்ட் நின்றால் சக்கர நாற்காலியைப் பதினோரு மாடி யார் இறக்குவது? போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் இல்லை. சிக்னல் வேண்டுமென்றால் இருபத்திரண்டு கிலோமீட்டர் கீழே போக வேண்டும்.

"நீ மேல போ பன்னு, நான் மட்டும் இறங்கறேன்" என்றான்.

பன்னு டீயை மடக்கென்று குடித்தான். ஏற்கெனவே வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். "மலைக்கு என்ன காலா இருக்கு, ஓடிப்போக? ஏறுடா. இந்தப் பதட்டத்துல நீ ஓட்ட வேணாம், என் வண்டியில உட்காரு."

வழியெல்லாம் லிஃப்ட்காரன் தன்னைத் தானே திட்டிக்கொண்டான். குடும்பஸ்தனுக்கு எதற்கு மலை? ஒன்பது வருஷம் காத்திருந்தவனையும் இழுத்துக்கொண்டு இறங்குகிறானே, பாவி!

எட்டரைக்குச் சிக்னல் வந்தது. மூன்றாவது தடவைதான் மனைவி போனை எடுத்தாள்.

"அப்பா எங்க? லிஃப்ட் ஓடுதா? சாவி எங்கிட்ட…"

"தெரியும். லிஃப்ட் ஏழு மணிக்கே நின்னுடுச்சு."

"ஐயையோ!"

"முழுசாக் கேளுங்க. எங்கிட்ட இன்னொரு சாவி இருக்கு. வருஷத்துக்கு மூணு தடவ வீட்டுச் சாவியத் தொலைக்கிற ஆளு நீங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடியே இதுக்கும் ஒண்ணு செஞ்சு அரிசி டப்பாவுல போட்டு வச்சேன். உங்க ஆளு வந்து சுவிட்சத் தட்டிட்டுப் போயிட்டாரு. நாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாச்சு."

போன உயிர் திரும்பி வந்தது. டூப்ளிகேட் சாவி செய்யக் கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன், சாலையோரம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அப்பா போனை வாங்கினார். "டேய், உச்சிக்குப் போயிட்டியா? எப்படி இருக்கு?"

"இன்னும் போகலப்பா. பாதியில இறங்கிட்டோம், உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு…"

"எனக்கென்ன கேடு? உன் பொண்டாட்டி இருக்கா. அந்த பன்னுப் பய பாவம்டா. ஒன்பது வருஷமா வீட்டுக்கு வரும்போதெல்லாம் என்கிட்டதான் புலம்பறான். போனை வை, போ!"

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கேட்டை எட்டிப் பிடித்தார்கள். "காலைல வந்து டீ குடிச்சிட்டு ஓடின ஆளுங்கதானே நீங்க?" என்று கேட்காரர் முறைத்தார். முறைத்தாலும் விட்டார். டீக்கடையில் நிறுத்தியிருந்த தன் வண்டியை லிஃப்ட்காரன் எடுத்துக்கொண்டான்.

உச்சியில் வெயில் சுள்ளென்று அடித்தது. லிஃப்ட்காரனுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. கொஞ்சம் ரோஷமும் வந்தது. "நான் இல்லாட்டியும் வீடு ஓடுதுடா" என்றான்.

"ஓடட்டுமே. அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" பன்னு ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துப் பாறையில் சாய்ந்தான். இருபது வருஷமாக விடியுமுன்னே எழுந்து மாவு பிசைகிறவன். சுற்றிலும் அத்தனை மலை இருந்தும் ஒன்றையும் பார்க்காமல் இரண்டே நிமிஷத்தில் குறட்டை விட்டான்.

லிஃப்ட்காரன் அவனை எழுப்பவில்லை. அவன் முகத்தில் வெயில் படாமல் நகர்ந்து உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.