வீட்டு மனுஷி

கும்பகோணத்தில் வருமான வரி விவகாரம் என்றால் துரைராசு ஐயாவிடம்தான் போவார்கள். எந்தத் தேதிக்குள் எந்தப் படிவம், தவறினால் என்ன அபராதம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம். அவர் வீட்டில் இருபத்திரண்டு வருடமாகக் கூட்டிப் பெருக்கி, பாத்திரம் தேய்த்து, துணி துவைத்த அம்சவல்லிக்கு, அங்கே வேலை பார்க்கிறாள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

கேட்காமல் இல்லை. வீட்டு வேலை செய்கிறவர்களின் சங்கத்தைச் சேர்ந்த தஹ்மீனா ஒருமுறை நல வாரியப் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். வேலை கொடுக்கிறவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், நாளைக்கு ஒன்று ஆனால் கைகொடுக்கும் என்றாள். துரைராசு அதை இரண்டு தடவை படித்தார். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் என்னென்ன வரும் என்று சட்டம் தெரிந்த மனிதருக்குத் தெரியாதா? மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் மனைவி சாவித்திரிதான் சமாதானம் சொன்னாள்.

"வேலைக்காரின்னு எழுதிக் கொடுக்க எனக்கு மனசு வரல, அம்சவல்லி. நீ எங்க வீட்டு மனுஷி."

தனித் தட்டில் சாப்பாடு, பின்கட்டோடு சரி. ஆனாலும் அந்தச் சொல் அவளுக்கு இனித்தது. பைத்தியக்காரி, வேறென்ன சொல்ல.

போன ஐப்பசியில் மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏறினாள். பாசி வழுக்கிக் கீழே துவைக்கிற கல்லில் வந்து விழுந்தாள். இடுப்பு போயிற்று. எப்படி விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். வேலை செய்யும்போது என்றால் போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றார். சாவித்திரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையும் பொய்யில்லை, பயமும் பொய்யில்லை. இப்படிச் சொல் என்று யாரும் கேட்கவில்லை. அம்சவல்லியே முந்திக்கொண்டாள்.

"நான் இவங்க சொந்தக்காரிங்க. விசேஷத்துக்கு வந்தேன். மாடிப்படியில வழுக்கிடுச்சு."

நர்ஸ் எழுதினாள், இவள் கையெழுத்துப் போட்டாள். அத்தனை வலியிலும் உள்ளே ஒரு பெருமை இருந்ததுதான் கொடுமை.

ஆபரேஷன் செலவைத் துரைராசு கொடுத்தார், அத்தோடு சரி. ஊன்றுகோல் இல்லாமல் நாலடி வைக்க முடியாதவளை யார் வேலைக்கு வைப்பார்கள்? மார்கழியில் அந்த வீட்டுக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். புருஷனும் பிள்ளையும் இல்லாத அம்சவல்லிக்கு இனி நஷ்டஈடு கிடைத்தால்தான் சோறு. தஹ்மீனா தொழிலாளர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டுச் சாட்சி தேடி அலைந்தாள். அந்தத் தெருவில் வேலைக்கு ஆள் வைக்காத வீடு இல்லை. அதனாலேயே சாட்சி சொல்ல ஒரு வீடும் இல்லை.

விசாரணையன்று சாவித்திரியோடு வந்த துரைராசு ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலை நீட்டினார். உறவினர் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அதிகாரி அம்மா நிமிர்ந்தார்.

"சொந்தம்னா இவங்க உங்களுக்கு என்ன முறை சார்?"

அக்கா, தங்கச்சி என்று ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும், துரைராசு தப்பித்துவிடலாம். காலனித் தெருக்காரியை அப்படிச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

"அதை நான் சொல்லலீங்க. அவங்களே சொல்லிக் கையெழுத்துப் போட்டது."

அம்சவல்லி சாவித்திரியைப் பார்த்தாள். சாவித்திரி தரையைப் பார்த்தாள். ஒரு முறையும் இல்லாமல்தான் இருபத்திரண்டு வருடம் போயிருக்கிறது என்பது அப்போதுதான் அம்சவல்லிக்கு உறைத்தது.

"முறை ஒண்ணும் இல்லீங்க. நான் அவங்க வீட்டு வேலைக்காரி."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும்மா" என்றார் அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை. கையெழுத்து இருக்கிற சீட்டுக்கு முன்னால் வாய்ச்சொல் நிற்காது என்று விளக்கிவிட்டு மனுவை மூடினார்.

வாசலில் துரைராசுவின் கார் நின்றது. வழியில் இறக்கிவிடுகிறோம், ஏறிக்கொள் என்றாள் சாவித்திரி. வேண்டாம் என்று சொல்லத்தான் அம்சவல்லி வாயெடுத்தாள். இந்த இடுப்பை வைத்துக்கொண்டு டவுன் பஸ் படியில் எப்படி ஏறுவது? போய் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.