குளவிக்கூட்டை நானும் பார்த்தேன்

நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மேற்பார்வையாளர். தினமும் காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுத்ததும், "பொறுப்பா வேலை செய்யுங்க" என்று சொல்லித்தான் பெண்களை மலைக்கு அனுப்புவேன்.

அன்று மலையில் ஒரு மரக்கிளையில் பெரிய குளவிக்கூடு தொங்கியது. ஆட்களை வேறு மலைக்கு மாற்றினால் அரை நாள் கொழுந்து போய்விடும். பக்கத்தில் நின்ற, கொழுந்து பறிக்கும் புஷ்பமும் அண்ணாந்து பார்த்தாள்.

"ஐயா, குளவிங்க."

"அது பாட்டுக்கு இருக்கும். நீ போய்க் கொழுந்தப் பாரு" என்றேன்.

பத்து மணிக்குக் காற்று அடித்தது, கூடு கலைந்து குளவிகள் பெண்களைக் கொட்டின. ஆறு பேரை லொறியில் ஏற்றிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

வார்டுக்கு வந்த, தோட்டத்தை நிர்வகிக்கும் துரை, "கூடு இருந்தது யாருக்குமே தெரியாதா?" என்று கேட்டார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகமெல்லாம் வீங்கிக் கிடந்த புஷ்பம்தான் பேசினாள்.

"எனக்குத் தெரியுங்க. பக்கத்துல நின்ன புள்ளைகளையாவது கூப்பிட்டு விலக்கியிருக்கணும். என் பொறுப்புதாங்க."

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பயந்தாளா, உண்மையிலேயே தன் தவறென்று நினைத்தாளா, இன்றும் தெரியவில்லை.

'தொழிலாளியின் பொறுப்பின்மை' என்று அறிக்கையில் எழுதி, துரை என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பெரட்டில் "பொறுப்பா..." என்று தொடங்கினேன். பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மீதி வரவில்லை. அத்தனை வருடமும் அந்தச் சொல்லை அடுத்தவர்களுக்கு மட்டுமே கொடுத்திருக்கிறேன்.

அறிக்கை ஆபீஸ் அலுமாரியில் அப்படியே இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் பெரட்டுக்குப் போகிறேன்.